நரியின் வாயில் வெடி

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, காவிரியின் தென்கரையிலுள்ள ஜீயபுரத்தில், இறைச்சிக்குள் நாட்டு வெடியை மறைத்து நரியைக் கொன்றதாக 2021-இல் 12 பேர் கைதாயினர்.

அந்நாளைய வேட்டைக்காரர்களுக்கும் நியதி உண்டு. இலக்கு தெரியாமல் சுடலாகாது. அடிபட்ட மிருகத்தைத் துடிக்க விட்டுப் போகலாகாது. வெடிக்கு ஏது நியதி? கடிப்பது நரியா, நாயா, எடுத்து விளையாடுவது குழந்தையா என்று அது பார்க்குமா?

வயல் எலியைத் தின்னும் நரி உழவனுக்குச் சம்பளமில்லாத காவலாளி. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-இல் வந்த திருத்தம், ஓநாய் இருக்கும் முதல் அட்டவணைக்கே நரியையும் உயர்த்திவிட்டது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, அபராதம் ரூ.25,000-க்குக் குறையாது. அதிர்ஷ்டம் வருமென்று நரியின் மண்டையோட்டிலிருந்து எடுத்த 'நரிக்கொம்பை' வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவரும் இச்சட்டத்துக்குத் தப்பியவரல்லர்.