பெயில் என்பது யாருடைய பெயரும் இல்லை!



நாம் தினமும் பேசுகிற ஒரு சின்ன இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றி என் கருத்தை எழுதுகிறேன். அந்த வார்த்தை 'பெயில்'.

நம்ம ஊரில் இதை எதற்கெல்லாம் சொல்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்து ரஃப் நோட்டில் எழுதி வைத்தேன். பக்கத்துத் தோட்டத்தில் போர் போட்டார்கள், தண்ணி வரலை. "போர் பெயிலாயிடுச்சு" என்றார் அப்பா. மினி பஸ் பாதி வழியில் நின்றது. "பிரேக் பெயிலு, எல்லாரும் இறங்குங்க" என்றார் கண்டக்டர். கடைசி வீட்டுத் தாத்தாவுக்குக் 'கிட்னி பெயிலியர்'. தாடி வைத்துக்கொண்டு திரிந்த ஒரு அண்ணனுக்கு 'லவ் பெயிலியர்'. கடைசியாக எங்க பெரியம்மா பொண்ணு. போன வருஷம் பத்தாம் வகுப்பில் கணக்கில் 31 மார்க். அவளும் 'பெயில்'.

இப்போ என் கேள்விக்கு வருகிறேன். போர் பெயிலானால் என்ன செய்கிறார்கள்? வேற இடத்தில் பாயிண்ட் பார்க்கிறார்கள். பிரேக் பெயிலானால் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். கிட்னி பெயிலியர் என்றால் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார்கள். லவ் பெயிலியர் அண்ணன்கூட தாடியை எடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார். எங்க பெரியம்மா வீட்டிலேயே அண்ணன் பெயிலானபோது டுடோரியலில் சேர்த்தார்கள். பொண்ணு பெயிலானால் மட்டும் மாப்பிள்ளை பார்க்கிறார்கள்! இது என்ன நியாயம்?

இன்னொன்றும் கவனித்தேன். பஸ் நின்றால் 'பிரேக் பெயில்' என்றுதான் சொல்கிறோம். 'பஸ்ஸே பெயில்' என்று சொல்வதில்லை. தாத்தாவைப் பார்த்து 'தாத்தா பெயில்' என்று யாரும் சொல்வதில்லை. எது கெட்டதோ அதை மட்டும் சொல்கிறோம். ஆனால் அக்காவை மட்டும் 'அவ பெயிலு' என்கிறோம். தமிழில் 78, சமூக அறிவியலில் 64 எடுத்தவள் அவள். மொத்தம் ஐந்து பாடத்தில் ஒரே ஒரு பாடம், அதிலும் நாலே நாலு மார்க். அதற்கு முழு ஆளையே பெயில் என்று சொல்லலாமா?

ஆங்கில ஆசிரியையிடம் இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். லத்தீன் மொழியில் 'ஏமாற்று' என்று அர்த்தம் உள்ள ஒரு சொல், பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து 'பெயில்' ஆனதாம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாமும் 'மழை பொய்த்தது' என்று சொல்கிறோம் அல்லவா? அதுவும் ஏமாற்றியது என்பதுதானே! ஆனால் அக்கா யாரையும் ஏமாற்றவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

விழுவதற்கு இங்கிலீஷில் 'ஃபால்'. பெயிலும் ஃபாலும் கேட்க ஒன்று போல இருந்தாலும் சொந்தம் இல்லையாம். குற்றாலத்தில் தண்ணி விழுவதை 'மெயின் ஃபால்ஸ்' என்று சொல்லி, பஸ் பிடித்துப் போய் தலையைக் காட்டிவிட்டு வருகிறோம். சேலை ஓரத்தில் உள்பக்கமாகத் தைக்கிற துணிக்கும் 'ஃபால்ஸ்' என்றுதான் பெயர். அது இருந்தால்தான் மடிப்பு நேராக விழும், ஓரமும் கிழியாது. பெயிலான அக்கா இப்போது வீட்டில் உட்கார்ந்து ஃபால்ஸ்தான் தைக்கிறாள். அவள் தைத்த சேலையைக் கட்டிக்கொண்டு போகிறவர்களே "இது பெயில் புள்ள தச்சது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தையல் நன்றாகத்தானே இருக்கிறது? அப்புறம் எதற்கு அந்தப் பட்டம்?

நாம் கபடி விளையாடுகிறோம். அவுட் ஆனவள் கோட்டுக்கு வெளியே போய் உட்காருவாள். நம்ம டீம் எதிர் டீமில் ஒருத்தியை அவுட் பண்ணினால் அவள் திரும்ப உள்ளே வருவாள். ஆக, அவுட் ஆனவளை உள்ளே கொண்டு வருவது மற்றவர்கள் வேலை! பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவர்களை 'டிராப் அவுட்' என்கிறோமே, அவர்களை உள்ளே கொண்டு வர நாம் என்ன செய்தோம்?

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாம் வகுப்பு வரை பெயில் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில்தான் அந்தப் பயம் வருகிறது. அதனால் இது எனக்கும் என் வகுப்புக்கும் சேர்த்துத்தான்.

பத்தாம் வகுப்பில் 35 வராவிட்டால் அதே வருஷமே துணைத் தேர்வு உண்டு. அதை விட்டாலும் மறுபடி தனித்தேர்வராக எழுதலாம். 18 வயதுக்கு முன்னால் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம். 1098-க்கு போன் பண்ணிச் சொல்லலாம். இதெல்லாம் எங்க வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அக்கா துணைத் தேர்வையே எழுதியிருப்பாள்.

ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். பேப்பர் கொடுக்கும்போது "பெயிலானவங்க எல்லாம் எழுந்திரு" என்று சொல்லாமல் "கணக்கில் இன்னும் தேறாதவங்க சாயந்திரம் இருங்க" என்று சொன்னால் நாங்கள் கட்டாயம் இருப்போம். தோழிகளே, யாராவது பெயில் என்று கேள்விப்பட்டால் "எந்தப் பாடம்? எத்தனை மார்க் குறைஞ்சது?" என்று கேளுங்கள். பேசாமல் ஒதுங்கிப் போகாதீர்கள்.

அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதினேன். இப்போது தினமும் சாயந்திரம் ஃபால்ஸ் தைத்து முடித்ததும் அவள் கணக்குப் போடுகிறாள். நான் விடை சரிபார்க்கிறேன். சில கணக்கு எனக்கே புரிவதில்லை, அவள்தான் சொல்லித் தருகிறாள்! பரீட்சைக்குப் பணம் கட்டச் சொல்லிப் பெரியப்பாவிடம் கேட்டிருக்கிறோம். இன்னும் சரி என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை.

விழுந்தவர்க்குக் கை கொடுப்போம்! பட்டப்பெயர் கொடுக்க வேண்டாம்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி