உப்பளச் சங்கங்களும் சர்க்கார் கொள்முதலும்

உப்பு விஷயத்தில் சர்க்காருக்கும் நமது கடலோரக் குடிகளுக்கும் உள்ள பற்று வரவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1805-ல் கும்பினியார் சென்னை மாகாணத்து உப்பைத் தமது ஏகபோகமாக்கிக்கொண்ட பின், உப்பு விளைவித்தவன் அதைச் சர்க்காருக்கன்றிப் பிறருக்கு விற்க இயலாதவனானான். விலையையும் வாங்குகிறவரே நிர்ணயித்தார். 1930-ல் ராஜாஜியின் தலைமையில் வேதாரண்யத்தில் அள்ளிய பிடியுப்பு அந்நிய சர்க்காரின் உப்புச் சட்டத்திற்கு இருந்த மதிப்பைப் போக்கிற்று. 1947-ல் உப்பு வரியும் ஒழிந்தது. இன்று மரக்காணத்து அளக்காரர் தமது சரக்கை எவருக்கும் விற்கலாம். சர்க்காருக்கு விற்பதுதான் அவருக்குக் கஷ்டமாகிவிட்டது! காலத்தின் விசித்திரம் இது.

பொதுப் பணத்தில் பொருள் வாங்குவதற்கு விதிகள் வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. 1998-ல் இயற்றப்பெற்ற தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் நல்ல சட்டமே. சிறு தொழிலாளரை உத்தேசித்து மத்திய சர்க்கார் 2012-ல் பிறப்பித்த கொள்முதல் உத்தரவும் மெச்சத்தக்கதே. மத்திய இலாகாக்கள் வாங்குவதில் 25 சதவிகிதம் குறு, சிறு தொழில்களிடமிருந்து வரவேண்டும். அதில் 3 சதவிகிதம் பெண்கள் நடத்தும் தொழில்களுக்கு. டேவணித் தொகை கட்ட வேண்டுவதில்லை. டெண்டர் பத்திரமும் இனாம். 2016-ல் ஏற்பட்ட மின்சந்தையிலேயே வாங்க வேண்டுமென்று 2017-ன் நிதி விதிகள் மத்திய இலாகாக்களைக் கட்டுப்படுத்துகின்றன. காகிதத்தில் இவ்வளவும் அழகாகவே இருக்கிறது.

மரக்காணம் உப்பளக் கரையைச் சார்ந்த ஓர் ஊரில் பெண்கள் சுய உதவிக் குழு ஒன்று அளத்து உப்பை வாங்கிச் சுத்தஞ்செய்து பொட்டலம் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்குழு சர்க்கார் விடுதி ஒன்றுக்கு உப்பு கொடுக்க ஆசைப்படுகிறது. உண்ணும் உப்பில் அயோடின் சேர்த்திருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு இலாகாவின் பதிவோ லைசென்ஸோ வேண்டும். உத்யம் பதிவு வேண்டும். கம்ப்யூட்டர் வழியே டெண்டர் போட மின் கையொப்பமும் வேண்டும். இவையெல்லாம் அலைச்சலேயன்றிச் சிக்கலல்ல.

சிக்கல் இனிமேல்தான். 2012-ன் சலுகை உற்பத்தி செய்பவருக்கு உண்டு, வெறும் வியாபாரிக்கு இல்லை. பிறர் விளைவித்த உப்பைத் துப்புரவாக்கி அயோடின் சேர்த்துக் கட்டும் குழு உற்பத்தியாளரா, வியாபாரியா? விடுதி மாநில சர்க்காருடையதானால் மத்திய உத்தரவு அங்கே செல்லாது. மாநிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். உப்புக்கு ஜி.எஸ்.டி. இல்லை; வரியற்ற சரக்கை மட்டும் விற்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டுவதில்லை என்று சட்டமே சொல்லுகிறது. ஆயினும் டெண்டர் பத்திரம் பதிவெண்ணைக் கேட்டால் அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது? எழுதாமல் விட்டதற்காகத் தள்ளிவிட்டால், மாநிலச் சட்டப்படி பத்து நாளுக்குள் சர்க்காருக்கு அப்பீல் செய்துகொள்ள வேண்டும். தள்ளப்பட்டதன் காரணத்தை ஒருவரைக் கொண்டு வாசிக்கச் செய்து அறிவதற்குள் அந்தப் பத்து நாளும் போய்விடும்.

சரக்கு கொடுத்த பிறகும் தொல்லை தீருவதில்லை. 2006-ன் சிறு தொழில் சட்டத்தின்படி 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி வட்டிவிகிதத்தின் மும்மடங்கு கூட்டு வட்டி. ஆனால் ஒப்பந்தத்திற்குப் பிறகு பதிவு செய்துகொண்டவர் பின்னோக்கி இச்சலுகையைக் கோர முடியாதென்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2025-ல் அதே கோர்ட்டின் வேறொரு பெஞ்சு அவ்வாறன்று எனக் கருதி, விஷயத்தைப் பெரிய பெஞ்சுக்கு அனுப்பிற்று. நியாயாதிபதிகளே ஒருமிக்காத இடத்தில் பொட்டலம் கட்டும் பெண்கள் என்ன செய்வார்கள்? முன்னதாகவே பதிந்துகொள்ளுங்கள் என்று சொல்ல ஒரு வக்கீல் அருகிலிருந்தால் இத்தகராறுக்கே இடமில்லை.

ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. அரசியலமைப்பின் 39-ஏ ஷரத்து அதை வற்புறுத்துகிறது. 1987-ன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அதற்கு உருக்கொடுத்தது. ஆனால் அச்சட்டத்தை ஊன்றி வாசிப்பவர்களுக்கு ஒரு விசேஷம் புலப்படும். சட்டப் பணி என்பதில் எந்தச் சட்ட விஷயத்திலும் ஆலோசனை கூறுவது அடங்கும் என்று இரண்டாம் பிரிவு தாராளமாகப் பேசுகிறது. உதவி பெறும் உரிமையைக் கூறும் பன்னிரண்டாம் பிரிவோ, வழக்குத் தொடுப்பவரையும் எதிர்வழக்காடுபவரையும் பற்றியே பேசுகிறது. வழக்கு வந்தால்தான் வக்கீல். வழக்கு வராமல் காத்துக்கொள்ள வக்கீல் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்வது சட்டத்தின் நோக்கத்திற்கே விரோதமாகும். 2011-ன் ஒழுங்குவிதிகள் கிராமங்களில் சட்ட உதவி மையங்கள் அமைக்க இடம் கொடுத்திருக்கின்றன. ஆகையால் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

பிரிட்டனில் 2025 பிப்ரவரி 24-ந் தேதி அமலுக்கு வந்த கொள்முதல் சட்டம், சிறு தொழில்களுக்கு நேரும் தடைகளைக் கருத்தில் கொண்டு, அவற்றைக் குறைக்க முடியுமா என்று ஆலோசிக்கும் கடமையை வாங்கும் ஸ்தாபனத்தின் மீதே சுமத்தியிருக்கிறது. நமது நாட்டிலோ தடையைக் கண்டுபிடிப்பதும் தாண்டுவதும் விற்க வருகிறவர் பாடு. இவ்விஷயத்தில் அவர்களைப் பின்பற்றுவதால் நமது சுதந்திரத்திற்குக் குறைவு நேர்ந்துவிடாது.

இனாமாக உதவினால் வக்கீல்களின் பிழைப்பு என்னாவது என்று நமது தொழில் சகோதரர்களில் சிலர் கேட்பார்கள். டெண்டர் கிடைக்காத சங்கம் எவருக்கும் பீஸ் கொடுக்கப் போவதில்லை என்பதே நமது பதில். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் உள்ள வக்கீல் சங்கங்கள் மாதம் ஒரு நாளை இதற்கென ஒதுக்கலாம். விழுப்புரம் சர்க்கார் சட்டக் கல்லூரி மாணவர்கள், டெண்டர் ஷரத்துகளை எளிய தமிழில் எழுதிக் கொடுக்கலாம். பரீட்சைக்குப் படிப்பதைவிட அதில் அதிகம் கற்பார்கள். ஒவ்வொரு இலாகாவும் ஆங்கில டெண்டர் பத்திரத்தோடு இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பைச் சேர்க்க வேண்டுமென்று மாநில சர்க்கார் உத்தரவிடுவதற்கு அதிகச் செலவு பிடிக்காது.

வடகிழக்குப் பருவமழையில் அளங்கள் மூழ்கி வேலை நின்றுபோகும் மாதங்களே பதிவுகளை முடித்துக்கொள்ளத் தகுந்த காலம். விழுப்புரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவினர் ஐப்பசி பிறப்பதற்குள் மரக்காணத்தில் ஒரு நாளைக் குறிப்பார்களாயின், அவ்வறிவிப்பை இப்பத்திரிகையில் கட்டணமின்றிப் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.