ஐம்பூதமும் ஐந்து ஊரும்

மண் காஞ்சியில், நீர் ஆனைக்காவில், நெருப்பு அண்ணாமலையில், காற்று காளத்தியில், வெளி தில்லையில்! ஐம்பூதமும் சிவனின் வடிவமாம். ஐந்து ஊரும் சுற்றி வந்தால் அருள் கிட்டுமாம்!

வணங்குவோரை நாம் வையவில்லை, வினவுகிறோம். மண் தெய்வமெனில், தலைமுறை தலைமுறையாய் அதை உழுதவனுக்குக் காணி நிலமும் சொந்தமாகாதது ஏன்? நீர் தெய்வமெனில், ஊருக்கொரு கிணறு, சேரிக்கொரு கிணறு தோண்டியது ஏன்? நெருப்பு தெய்வமெனில், 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில், பெண்டிரும் பிள்ளைகளும் முதியோருமாக 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டபோது, அத்தெய்வம் அணையாதது ஏன்? தில்லைவெளியைக் காண நந்தன் தீயில் மூழ்கி எழவேண்டும் என்று புராணம் புனைந்தது ஏன்?

தோழர்களே! ஐம்பூதமும் அனைவர்க்கும் பொது. ஐந்து ஊர் சுற்றும் கால்கள், தம் ஊர்ச் சேரிக்குள் ஒருமுறை நடக்கட்டும். பொதுக் குடிநீர், பொதுச் சுடுகாடு, உழுபவனுக்கு நிலம்: இவை கிட்டும்வரை நம் பயணம் ஓயாது!