சுக்கான் யார் கையில்?

வரிப்பத்தான்சேனையில் வட்டை பார்க்கும் கமக்காரனுக்கும் கல்முனைக் கரையிலிருந்து ஆழ்கடல் செல்லும் மீனவனுக்கும் என்ன உறவு என்று கேட்போர் உளர். ஒருவனுக்கு இறக்காமத்துக் குளம். மற்றவனுக்கு வங்கக் கடல். ஆயினும் ஒரே அநீதி இருவரையும் பிணித்து நிற்கின்றது. விலை கொடுத்து வாங்கிய இயந்திரம் பழுதுற்றால் அதனைத் திருத்தும் வழி இருவருக்குமே அடைக்கப்பட்டிருக்கின்றது.

படகின் தானியங்கிச் சுக்கானை எடுத்துக்கொள்வோம். இஃது ஆடம்பரப் பொருளன்று. நாட்கணக்கிற் கடலில் நிற்கும் நாலைந்து பேர், இரவு முழுதும் சுக்கானைப் பிடித்த கையாலேயே விடியலில் வலை இழுக்க வேண்டியவர்கள். அவர்களுக்குச் சற்றே கண்ணயர இடந்தரும் துணை அது. அதனுள் மாயம் யாதுமில்லை. திசையறி கருவி படகின் முகம் எத்திசையில் உள்ளதெனச் சொல்கின்றது. கட்டுப்பாட்டுப் பெட்டி அதனைக் குறித்த திசையோடு ஒப்பிடுகின்றது. மோட்டாரோ எண்ணெய்ப் பம்போ சுக்கானைத் திருப்புகின்றது. எவ்வளவு திரும்பிற்று என்பதைச் சுக்கானோடு இணைந்த உணரி அறிவிக்கின்றது.

இதிற் பழுது நேர்ந்தால், “பெட்டியையே மாற்று” என்பதே விற்பவர் கூறும் விடை. “அறியாதார் திறந்தாற் கெட்டுவிடும்” என்பது அதற்கு அவர் காட்டும் காரணம். உண்மை என்ன? பட்டரி முனையிலே உப்புக்காற்றாற் களிம்பு பிடித்தால், பம்பு மின்னை இழுக்கும் கணத்தில் அழுத்தம் வீழ்ந்து கருவி அணைந்துவிடும். திசையறி கருவியின் அருகே ஒலிபெருக்கியையோ இரும்புப் பெட்டியையோ வைத்தாற் படகு வழி தப்பும். எண்ணெய்க் குழாயிற் காற்றுப் புகுந்தாற் பம்பு ஓடியும் சுக்கான் அசையாது. வோல்ற்றுமானியும் பொறுமையும் உடைய இளைஞன் இவற்றைக் கரையிலேயே கண்டுபிடிக்கலாம். அவனுக்கு மின்சுற்று வரைபடத்தைக் கொடாதவர்கள், உதிரிப்பாகத்தை விற்காதவர்கள், அவன் அறியாதவன் என்று பழிப்பது எந்த ஊர் நியாயம்?

கமக்காரர்களே, இது கடற்கரைக் கதை என்று ஒதுங்காதீர்! உங்கள் அறுவடை இயந்திரத்துள்ளும் உணரிகளும் கணினிப் பெட்டியும் புகுந்துவிட்டன. பெரும்போக வேளாண்மை முற்றி நிற்கையில் இயந்திரம் நின்றால், 300 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை மழை காத்திருக்குமா? கடன் கொடுத்தவன்தான் காத்திருப்பானா?

அரசு செய்ததையும் பார்ப்போம். 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது. உடனே ஆழ்கடற் படகுகளைக் கண்காணிக்கும் கருவிகளைப் பொருத்துவதில் அரசு விரைவு காட்டிற்று. 2016 இல் தடை நீங்கிற்று. நன்று. மீனவனைக் கண்காணிக்கும் கருவிக்குக் காட்டிய விரைவை, அவன் உயிரைக் காக்கும் கருவியைத் திருத்துவதில் ஏன் காட்டவில்லை?

ஒலுவிலைப் பாருங்கள். டென்மார்க்கின் கடனிற் கட்டி, 2013 செப்டெம்பரில் திறந்த துறைமுகம் அங்கே உண்டு. அதன் வாயை மணல் அடைத்தது. படகுகள் நுழைய வழியற்றுப்போயின. அயலிலே கடல் நிலத்தைத் தின்றது. அதே ஊரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அதன் பொறியியற் பீடமும் இருக்கின்றன. துறைமுகமும் பொறியியற் கல்வியும் ஒரே மண்ணில் இருந்தும், படகின் மின்னணுப் பழுது தீர்க்கும் பட்டறை ஒன்று மீனவனின் உரிமையாக அங்கே எழவில்லையெனின், குறை அறிவிலன்று, ஆள்வோரின் அக்கறையில்.

மொழிக் கொடுமை இன்னொன்று. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் தமிழைப் புறந்தள்ளிற்று. 1987 இல் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரசகரும மொழியென்றது. ஆனால், தமிழ் பேசும் மீனவனின் உயிரைச் சுமக்கும் கருவியோடு வருவது ஆங்கிலக் கைந்நூலே. சட்டப் புத்தகத்தில் ஏறிய மொழி படகில் ஏறுவது எந்நாள்?

நாம் கேட்பது புதுமையன்று. 2023 இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், உழவர் தம் இயந்திரங்களைத் தாமே திருத்துவதற்கான பாகங்களையும் விவரங்களையும் உற்பத்தியாளர் வழங்க வேண்டுமெனச் சட்டமியற்றிற்று. 2024 இல் ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுப் பொருள்கள் சிலவற்றின் பழுதுபார்ப்பு உரிமைக்கு நெறியாணை பிறப்பித்தது. செல்வ நாட்டு உழவனுக்குத் தேவைப்படும் உரிமை, கடனில் மூழ்கிய நம்மவனுக்கு வேண்டாமா?

ஆகவே, கருவி விற்போர் மின்சுற்று வரைபடத்தையும், நியாய விலையில் உதிரிப்பாகத்தையும், தமிழ்க் கைந்நூலையும் தரக் கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டும். ஒலுவிலிற் பழுதுபார்ப்புப் பயிற்சிப் பட்டறை வேண்டும். சட்டத்தரணிகள் அச்சட்டத்தின் வரைவை எழுதட்டும். பொறியியலாளர் இளைஞரைப் பயிற்றட்டும். கமக்காரர் அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் ஒரே மகஜரிற் கையொப்பமிடட்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் அம்மகஜரை நீட்டி, ஒப்பமிட்ட பின்னரே பேச்சு என்று சொல்லுங்கள். வட்டையும் கடலும் ஒரே குரலிற் கேட்டால், பாராளுமன்றம் காதைப் பொத்திக்கொள்ள முடியாது.