எழுதியவரே பேசட்டும்

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, மாணவரின் கட்டுரையைக் கையில் எடுக்கும் பேராசிரியருக்கு முதலில் எழுவது ஓர் ஐயம்: இதை எழுதியது யார்? அந்த ஐயத்தைத் தீர்க்கும் பொறுப்பையும் பல கல்விக்கூடங்கள் ஒரு மென்பொருளிடமே ஒப்படைத்தன. பிழை அங்கேதான் தொடங்குகிறது.

2023இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு மென்பொருள்களைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராதவர்கள் டோஃபல் தேர்வுக்கென எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று அவை தீர்ப்பளித்தன. அளவான சொற்களில், பழகிய வாக்கிய அமைப்பில் எழுதியதுதான் அவர்கள் செய்த குற்றம். அதே ஆண்டு ஜூலையில் ஓப்பன்ஏஐ நிறுவனம், துல்லியம் போதவில்லை என்று கூறித் தன் சொந்தக் கண்டறி கருவியையே திரும்பப் பெற்றது.

தமிழ்வழியில் பயின்று கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுதும் நம் மாணவர்களின் நடையும் இத்தகையதே. அவர்கள்மீது இத்தீர்ப்பு விழுந்தால், தம் எழுத்து தம்முடையதே என்று எப்படி நிறுவுவார்கள்?

ஆகவே இயந்திரத்திடமே எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்பதல்ல என் வாதம். கட்டுரை எழுதச் சொல்வது கட்டுரைக்காக அன்று. எழுதும்போது நிகழும் சிந்தனைக்காக. அச்சிந்தனை நிகழ்ந்ததா என்று அறிய நம் மரபில் ஒரு வழி உண்டு. தொல்காப்பியம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் பாயிரம் சொல்கிறது. நூலை இயற்றியவர் அவையின் வினாக்களுக்கு விடை சொல்லியாக வேண்டும் என்பதே அரங்கேற்ற மரபு. முனைவர் பட்டத்திற்கு வாய்மொழித் தேர்வை இன்றும் வைத்திருக்கிறோம். இளங்கலை மாணவருக்கு அது ஏன் கூடாது? கட்டுரைக்கு இயந்திரத்தின் துணையை நாடியவரும் வரட்டும்; எதைக் கேட்டார், எதை ஏற்றார், எதை ஏன் தள்ளினார் என்று சொல்லட்டும்.

இதற்கு விலை உண்டு. அறுபது பேர் கொண்ட வகுப்பில் ஆளுக்குப் பத்து நிமிடம் என்றாலும் பத்து மணி நேரம் ஆகிவிடும். ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் இது இயலாது. மென்பொருளுக்குச் சந்தா கட்டுவது எளிது என்று நிர்வாகங்கள் எண்ணக்கூடும். ஆனால் அப்பத்து நிமிடத்தில்தான் ஒரு மாணவரின் சொந்தக் குரலை ஆசிரியர் முதன்முறையாகக் கேட்கக்கூடும்.