பறவைப் பெயரின் வாலை வெட்டாதீர்கள்

எங்கள் மாவட்டத்துப் பறவைகளுக்கு அண்மையில் ஒரு கையேடு வந்திருக்கிறது. படங்கள் அருமை. தமிழ்ப் பெயர்களைப் பொறுமையாகச் சேகரித்திருக்கிறார்கள். அறிவியல் பெயர்களும் உண்டு. ஆனால் ஒவ்வோர் அறிவியல் பெயருக்கும் பின்னால் வரவேண்டிய ஆள் பெயரையும் ஆண்டையும் ஒட்ட வெட்டிவிட்டார்கள். தயாரித்த தம்பிகளில் ஒருவரிடம் கேட்டேன். "அது யாருக்கு சார் வேணும்? இடத்த அடைக்கும். எல்லாம் வெள்ளக்காரன் பேரு வேற" என்றார். வெளியீட்டு விழாக் கூட்டத்தில் நின்றுகொண்டு இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த வால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நத்தைகுத்தி நாரையின் அறிவியல் பெயர் அனஸ்டோமஸ் ஆசிட்டன்ஸ். முழுதாக எழுதினால் அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'போடார்ட், 1783' என்று வரும். போடார்ட் என்பவர் 1783-இல் வெளியிட்ட நூலில்தான் ஆசிட்டன்ஸ் என்ற பெயர் முதலில் அச்சேறியது என்று பொருள். அடைப்புக்குறியும் அலங்காரத்துக்கு இல்லை. அவர் பெயர் வைத்தபோது இந்தப் பறவை ஆர்டியா என்ற பேரினத்தில், கொக்குகளோடு, இருந்தது. பிறகு வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்பதற்கு அது அடையாளம். மாறாமல் இருந்தால் அடைப்புக்குறி கிடையாது. கூழைக்கடாவை 'பெலிகானஸ் ஃபிலிப்பென்சிஸ் கிமெலின், 1789' என்று வெறுமனே எழுதுவது அதனால்தான்.

நான் 34 வருடம் ஆர்.எம்.எஸ்.ஸில் தபால் பிரித்தவன். 'முருகன், திருநெல்வேலி' என்று மட்டும் எழுதிய கடிதத்தை எந்த பீட்டில் போடுவது? ஆளும் ஆண்டும் இல்லாத அறிவியல் பெயர் என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. அந்த வால் ஒரு முகவரி. அது ஒரு நூலுக்கு, அந்த நூலில் ஒரு பக்கத்துக்கு நம்மைக் கொண்டுபோகும். போய்ப் பார்த்தால் அங்கே உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நம் ஊர்தான். தம்பிக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான்.

அதே நத்தைகுத்தியை எடுத்துக்கொள்வோம். போடார்ட் ஹாலந்துக்காரர். 1783-இல் உட்ரெக்ட் நகரில் அவர் அச்சிட்டது ஒரு மெல்லிய பட்டியல், அவ்வளவுதான். அதற்கு முன்பு பாரிஸில் பூஃபோன் எழுதிய பெரிய இயற்கை வரலாற்று நூலுக்குத் துணையாக, தோபான்தோன் மேற்பார்வையில் மார்த்தினே என்பவர் செதுக்கிய 1008 வண்ணத் தகடுகள் வெளியாகியிருந்தன. அவற்றில் 973 தகடுகள் பறவைகள். தகட்டின் அடியில் பிரெஞ்சுப் பெயர் மட்டுமே உண்டு, லத்தீன் பெயர் கிடையாது. போடார்ட் அவற்றுக்கு வரிசையாக லத்தீன் பெயர் போட்டு அச்சிட்டுவிட்டார். அந்தப் பட்டியல் கைக்கு அடக்கமானது. பிரதிகளோ விரல்விட்டு எண்ணும் அளவுதான் மிஞ்சின. பறவையியலாளர்கள் தவித்துப்போய், 1874-இல் டெகட்மெயர் என்பவர் லண்டனில் அதை மறுபதிப்புச் செய்ய வேண்டியதாயிற்று.

சரி, அந்த 932-ஆம் தகட்டின் அடியில் என்ன எழுதியிருக்கிறது? 'புதுச்சேரியின் திறந்த அலகு.' புதுச்சேரியில் பிடித்த பறவை, பாரிஸில் படம், உட்ரெக்டில் பெயர். ஆசிட்டன்ஸ் என்றால் லத்தீனில் கொட்டாவி விடுவது. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிவதால் அந்தப் பெயர். 'போடார்ட், 1783' என்ற வாலை வெட்டிவிட்டால் புதுச்சேரியும் சேர்ந்து போய்விடுகிறது.

கூந்தன்குளத்துக்குப் போகிறவர்கள் மரத்துக்கு மரம் பார்க்கும் மஞ்சள் மூக்கு நாரையைச் சொல்கிறேன். மைக்டீரியா லியூகோசெஃபலா, வால் 'பென்னன்ட், 1769'. பாம்புத்தாராவுக்கும் அதே பென்னன்ட், அதே 1769. தாமஸ் பென்னன்ட் வேல்ஸில் வாழ்ந்தவர். இந்தியாவையோ இலங்கையையோ கண்ணால் பார்த்ததில்லை. 'இந்திய விலங்கியல்' என்று ஒரு நூலைத் தொடங்கி, பன்னிரண்டு படங்களோடு நிறுத்திவிட்டார். அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன? 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டன் ஊருக்குக் கொண்டுபோன ஓவியங்களிலிருந்து. லோட்டன் தேன்சிட்டு என்று ஒன்று இருக்கிறதே, அந்த லோட்டன். ஓவியங்களை வரைந்தவர் பீட்டர் கொர்னேலிஸ் டி பெவரே, இலங்கையிலேயே பிறந்தவர்.

லியூகோசெஃபலா என்றால் வெண்தலை. வளர்ந்த மஞ்சள் மூக்கு நாரையின் தலை ஆரஞ்சு நிறத்தில் வழுக்கையாக இருக்கும். பறவையைப் பார்த்தால் பெயர் விளங்காது. பார்த்துப் பெயர் வைத்தவர் பார்த்தது பறவையை அல்ல, காகிதத்தை என்பது தெரிந்தால்தான் இதை எங்கே போய்த் தேடுவது என்பதாவது தெரியும்.

புள்ளிமூக்கு வாத்து இன்னொரு வேடிக்கை. பென்னன்ட் பாதியில் விட்ட வேலையை ஃபார்ஸ்டர் என்பவர் ஜெர்மனியில் எடுத்து 1781-இல் ஹாலே நகரில் வெளியிட்டார். நம் குளத்து வாத்தின் வால் அதனால் 'ஃபார்ஸ்டர், 1781'. கூழைக்கடா அதைவிட. கிமெலின் ஒரு தொகுப்பாளர். பிறர் நூல்களைப் பார்த்துப் பெயர் வைத்துத் தள்ளியவர். பிரான்ஸின் பிரிஸ்ஸோன் 1760-இல் பிலிப்பைன்ஸ் பறவை என்று விவரித்ததை வைத்து ஃபிலிப்பென்சிஸ் என்றார். இன்று பிலிப்பைன்ஸில் அது அற்றுப்போய்விட்டது. கூந்தன்குளத்தில் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கிறது. பெயர் மாறாது, ஊர் பொருந்தவில்லை என்பதற்காக அறிவியல் பெயரை மாற்ற விதி இடம் கொடுப்பதில்லை.

'வெள்ளக்காரன் பேரு' என்பதற்கு வருகிறேன். இதில் தம்பியின் கோபம் எனக்குப் புரிகிறது. அமெரிக்காவில்கூட 2023-இல் ஆள் பெயர் கொண்ட ஆங்கிலப் பறவைப் பெயர்களை மாற்றப் போவதாக அங்குள்ள பறவையியல் சங்கம் அறிவித்தது. ஆங்கிலப் பெயர்களை மாற்றட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்த வால் யாருக்கும் மரியாதை செய்வதற்காக வைத்தது அல்ல. அதை வெட்டினால் வெள்ளைக்காரன் போய்விடுவான், உண்மைதான். அவன் பின்னால் பெயரில்லாமல் நிற்கிற நம் ஆட்களைத் தேடிப் போகும் வழியும் போய்விடும்.

ஆறுமணிக் குருவியைப் பாருங்கள். பிட்டா பிராக்கியூரா, 'லின்னேயஸ், 1766'. லின்னேயஸ் அதைக் காக்கைக் கூட்டத்தில் சேர்த்துக் குட்டைவால் காக்கை என்ற பொருளில் கோர்வஸ் பிராக்கியூரஸ் என்றார். அந்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு நூலாகப் பின்னோக்கி நடந்தால் 1713-க்கு வந்து நிற்போம். ஜான் ரே எழுதி அவர் இறந்தபின் வெளியான பறவை நூலில், சென்னைப் பறவைகளைப் பற்றி ஒரு பின்னிணைப்பு இருக்கிறது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி லண்டனுக்கு அனுப்பியதை வைத்து ஜேம்ஸ் பெட்டிவர் எழுதியது. அதில் இந்தக் குருவி 'மதராஸ் ஜே'. பக்கத்திலேயே உள்ளூர்ப் பெயரும்: 'பொன்னுங்கி பிட்ட'. பிட்ட என்பது தெலுங்கில் சிறு பறவை. வியேயோ 1816-இல் அந்தச் சொல்லையே பேரினத்துக்கு எடுத்துக்கொண்டார். இன்று ஆஸ்திரேலியாவில் ஒருவர் அங்குள்ள பிட்டாவைப் பார்த்து அந்தப் பெயரைச் சொன்னாலும் அவர் சொல்வது தெலுங்கு. சென்னையில் எவரோ ஒருவர் அந்த மருத்துவரிடம் "இது பொன்னங்கி பிட்ட" என்று சொல்லியிருக்கிறார். அவர் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அவர் வாயிலிருந்து வந்த சொல் இருக்கிறது.

வெண்புருவ வாலாட்டியின் பெயரில் 'மதராஸ்பட்டென்சிஸ்' என்று நம் பட்டணமே இருக்கிறது. வால் 'கிமெலின், 1789'. அதுவும் பிரிஸ்ஸோன் வழியாக அதே 1713 நூலுக்குப் போகிறது. 1758-க்கு முந்தைய பெயர்கள் செல்லாது என்பது விலங்கியலில் சட்டம். அதனால் பக்லிக்கும் ரேக்கும் வாலில் இடமில்லை. சட்டம் சட்டம்தான்.

இந்த நூல்களைத் தேடிய கதையைச் சொன்னால் நீளும். பணியில் இருந்த காலத்தில் ஒரு பழைய நூலகத்துக்குப் போனேன், பெயர் வேண்டாம். அட்டவணைப் பெட்டியில் கார்டு இருந்தது. புத்தகம் அரிய நூல் பிரிவில் இருக்கிறது, மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார்கள். எழுதிப் போட்டேன். மூன்று மாதம் கழித்து அனுமதி வந்தது. லீவு போட்டுவிட்டுப் போய்த் திறந்தால், படங்கள் இருக்கவேண்டிய இடத்தில் பிளேடு போட்ட விளிம்புகள் மட்டும். எந்தக் காலத்தில் எவன் அறுத்தானோ, எந்தச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறானோ. அங்கிருந்த ஊழியர் பாவம், "நீங்கதான் சார் இத முதல்ல கேட்டு வந்திருக்கீங்க" என்றார். கேட்க ஆள் இல்லாத புத்தகத்துக்கு அந்த கதிதான். பெயரின் வாலை அச்சிட்டுக்கொண்டே இருந்தால் பத்தாண்டுக்கு ஒரு கிறுக்கனாவது போய்க் கேட்பான்.

இன்று நிலைமை மாறிவிட்டது. பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்று பல நாட்டு நூலகங்கள் சேர்ந்து நடத்தும் இணைய நூலகம் இருக்கிறது, காசு கிடையாது. மகள் வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் மார்த்தினேயின் தகடுகளைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். சார்ல்ஸ் டேவிஸ் ஷெர்போர்ன் என்ற மனிதர் லண்டனில் 43 ஆண்டு உட்கார்ந்து, 1758 முதல் 1850 வரை விலங்குகளுக்கு வைக்கப்பட்ட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, எந்தப் பெயர் எந்த நூலில் எந்தப் பக்கத்தில் என்று அகராதியாக்கினார். அதுவும் இணையத்தில் இருக்கிறது. அவர் சீட்டு பிரித்த வேகத்தை எண்ணிப் பார்க்கிறேன்; எங்கள் ஆபீஸில் சேர்ந்திருந்தால் எங்களுக்கெல்லாம் வேலை போயிருக்கும்.

ஆனால் ஸ்கேன் வந்துவிட்டது, காகிதம் எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் காலத்தில் நூல்கள் பகுதி பகுதியாக வெளிவந்தன. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே ஒரு மெல்லிய உறை. வெளியான மாதம் அதில்தான் இருக்கும். பைண்டு செய்பவர் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பகுதிகளைச் சேர்த்துத் தைப்பார். ஒரே பறவைக்கு இருவர் பெயர் வைத்திருந்தால் முந்தியது எது என்று தீர்மானிக்க அந்த உறைதான் சாட்சி. உறை இழந்த பிரதியை எத்தனை தடவை ஸ்கேன் செய்தாலும் உறை வராது.

இதில் நம்மூர்க் கணக்கும் ஒன்று பாக்கி இருக்கிறது. மதராஸ் ராணுவ மருத்துவர் ஜெர்டன் 1839-இலும் 1840-இலும் தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலை மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டியின் ஆய்வு ஏட்டில் வெளியிட்டார். நீலகிரிச் சிரிப்பானுக்குக் காகின்னன்ஸ், அதாவது உரக்கச் சிரிப்பது, என்ற பெயர் 1839-இல் அங்கேதான் பிறந்தது. பிறகு 1843 முதல் 1847 வரை 'இந்தியப் பறவையியல் விளக்கப் படங்கள்' என்று ஐம்பது படங்களோடு ஒரு நூலைப் பகுதி பகுதியாகச் சென்னையில் வெளியிட்டார். படங்களுக்கு உழைத்தவர்களில் உள்ளூர் ஓவியர்கள் உண்டு. பாரிஸ் இல்லை, உட்ரெக்ட் இல்லை, நம் சென்னை. பள்ளிக்கூடத்தில் யாராவது இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார்களா? நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் அந்தச் சொசைட்டியின் நூலகம் இன்றும் இருக்கிறது. சிதைந்த நூல் ஒன்றைத் தத்தெடுத்து, அதைச் செப்பனிட நாம் பணம் கொடுக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறவர்கள் யோசிக்கலாம்.

கையேட்டுத் தம்பிகள் இரண்டாம் பதிப்பு போடப் போகிறார்களாம். இடம் போதாது என்றால் வாலைச் சிறிய எழுத்தில், பின்பக்கப் பட்டியலில் மட்டும் போடட்டும். முந்நூறு பறவைக்கு நாலு பக்கம் கூடுதலாகும். மெய்ப்பு பார்த்துக் கொடுக்க நான் தயார், சம்பளம் வேண்டாம், மத்தியானச் சாப்பாடு போதும்.

இதை வாசிப்பவர்களுக்கும் ஒன்று. உங்கள் தாத்தா காலத்து அலமாரியில் 1850-க்கு முந்தைய சென்னை ஏடுகள் ஏதாவது தைக்காமல், உறையோடு இருந்தால், பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பைண்டிங்குக்கும் கொடுத்துவிடாதீர்கள்.