மாற்றுத் திறனாளி மாணவர்கள்: பதினெட்டு வயதோடு முடியும் பொறுப்பு

புது தில்லி: மாற்றுத் திறனாளி மாணவர்களுக்கான சிறப்பாசிரியர் பணியிடங்களை மூன்று வாரங்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 7-ஆம் தேதி உத்தரவிட்டது. இதே வழக்கில் 2021 அக்டோபரில் பிறப்பிக்கப்பட்ட உத்தரவை நிறைவேற்றாமல் மாநில அரசுகள் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் காலம் கடத்தியதே இதற்குக் காரணம்.

தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத் திறனாளி மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்பது 2021-இல் நீதிமன்றம் வகுத்த கணக்கு. அந்தக் கணக்கின்படி எல்லா இடங்களும் நிரப்பப்பட்டாலும் வகுப்பறைக்குள் இருக்கும் குறை மட்டுமே தீரும். பள்ளியின் கதவைக் கடந்து வெளியே வரும் மாணவன் எங்கே போவான் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

இந்திய அரசு அமைப்பில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட அலுவலகம் ஒன்றுகூட இல்லை என்பதுதான் நிலைமை. கல்வி ஓர் அமைச்சகத்திடம் இருக்கிறது. மாற்றுத் திறனாளிகள் நலன், சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் 2012-இல் அமைக்கப்பட்ட தனித் துறையிடம் இருக்கிறது. திறன் பயிற்சிக்கு ஓர் அமைச்சகம், வேலைவாய்ப்புக்கு மற்றோர் அமைச்சகம், ஊனச் சான்றிதழுக்கு அரசு மருத்துவமனை. ஒரு துறை விட்ட இடத்தில் அடுத்த துறை கைகொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

தில்லியின் அனுபவம்

இந்தப் பிரச்னையை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றதில் தலைநகருக்கு முக்கியப் பங்கு உண்டு. வழக்கறிஞர் அசோக் அகர்வாலின் 'சோஷியல் ஜூரிஸ்ட்' அமைப்பு தொடுத்த பொது நல வழக்கில், ஒவ்வொரு பள்ளியிலும் குறைந்தது இரண்டு சிறப்பாசிரியர்கள் இருக்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2009 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. தனியார் பள்ளிகளுக்கும் அந்தக் கடமை உண்டு என்பது 2012-இல் வந்த மற்றொரு தீர்ப்பில் உறுதியானது.

ஆனால், தலைநகரின் பள்ளி நிர்வாகமே பிளவுபட்டது. மாநகராட்சிப் பள்ளிகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. ஆறாம் வகுப்புக்கு மாணவன் தில்லி அரசின் கல்வி இயக்குநரகத்தின் கீழுள்ள பள்ளிக்குப் போக வேண்டும். ஐந்து ஆண்டுகள் பழகிய ஆசிரியர், பழகிய கட்டடம், பழகிய பாதை எல்லாம் ஒரே கோடை விடுமுறையில் மாறிவிடுகின்றன. பிற குழந்தைகளுக்கு இது இடமாற்றம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கோ பார்வையற்ற குழந்தைக்கோ இது மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது போன்றது.

அடுத்த தடை ஒன்பதாம் வகுப்பு. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019-இல் வந்த திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளிலேயே நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு அனுமதி தந்தது. ஆண்டுதோறும் வகுப்பு ஏறி வந்த மாணவன் என்ன கற்றான் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல், தேர்வு ஒரு நாள் திடீரென அவன் முன் வந்து நிற்கிறது. அந்தக் கட்டத்தில் பல பெற்றோர் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தை நாடுகின்றனர். குறைந்த பாடங்கள், விரும்பிய நேரத்தில் தேர்வு என்ற வசதி அங்கு உண்டு. அதே நேரத்தில், நண்பர்களும் வகுப்பறையும் பறிபோகின்றன. வழக்கமான பள்ளியின் கணக்கிலிருந்தும் அந்த மாணவனின் பெயர் நீங்கிவிடுகிறது.

பதினெட்டில் நடப்பது என்ன?

1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்தது. அதற்கு மாற்றாக வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. ஏழு வகையாக இருந்த ஊனங்களை அது 21 வகையாக விரித்தது. 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனமுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமையை அதன் 31-வது பிரிவு தருகிறது. இலவசப் புத்தகங்களுக்கும் உதவிக் கருவிகளுக்கும் அதே 18 வயதுதான் எல்லை.

இங்குதான் கணக்கு இடிக்கிறது. மாற்றுத் திறனாளிக் குழந்தைகளில் பலர் பள்ளிக்குத் தாமதமாக வருகின்றனர். ஐந்து வயதுள்ள மாற்றுத் திறனாளிக் குழந்தைகளில் நான்கில் மூவர் எந்தக் கல்வி நிலையத்துக்கும் செல்லவில்லை என்று யுனெஸ்கோ 2019-இல் வெளியிட்ட இந்தியக் கல்வி நிலை அறிக்கை கூறியது. எட்டு வயதில் முதல் வகுப்பில் சேர்ந்து, அறுவைச் சிகிச்சைக்காக ஓராண்டை இழந்து, ஒன்பதாம் வகுப்பில் ஒரு முறை தோற்ற மாணவன், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் முன்பே 18 வயதைக் கடந்துவிடுவான். படிப்பின் நடுவில் உரிமை காலாவதியாகிறது.

பிறந்த நாளோடு வேறு மாற்றங்களும் சேர்ந்து வருகின்றன. மகன் 18 வயதை எட்டியதும் பெற்றோர் சட்டப்படி அவனுடைய இயல்பான காப்பாளர்கள் அல்லர். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகை ஊனம் ஆகியவை உள்ளவர்களுக்காக 1999-இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்து அவர்கள் மீண்டும் காப்பாளர்களாக நியமனம் பெற வேண்டும். வங்கிக் கணக்குக்கோ சொத்துப் பத்திரத்துக்கோ போகும்போதுதான் பலருக்கு இந்த விவரமே தெரிய வருகிறது. பள்ளி அதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்ற விதி இல்லை.

கற்றல் குறைபாடு உள்ளவர்களின் சிக்கல் வேறு விதமானது. 2018 ஜனவரியில் வெளியான வழிகாட்டு நெறிகளின்படி, எட்டு வயதுக்குப் பின் பெற்ற சான்றிதழை 14 வயதிலும் 18 வயதிலும் மீண்டும் பெற வேண்டியிருந்தது. அதாவது, பொதுத் தேர்வும் கல்லூரிச் சேர்க்கையும் நெருங்கும் வேளையில் மாணவன் மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டும்.

ஒதுக்கீடு உண்டு, தகுதி எட்டாது

உயர் கல்வியில் 5 சதவீதம், அரசு வேலையில் 4 சதவீதம் என 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இட ஒதுக்கீடு அளித்துள்ளது. இவை எளிதில் கிடைத்தவை அல்ல. வேலைவாய்ப்பு ஒதுக்கீட்டை மொத்தப் பணியிடங்களின் அடிப்படையில் கணக்கிட வேண்டும் என்பதை நிலைநாட்டப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் வரை வழக்காட வேண்டியிருந்தது. 2013 அக்டோபரில் அந்தத் தீர்ப்பை வழங்கியது, தமிழகத்தைச் சேர்ந்த தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு. கல்லூரிகளில் 5 சதவீத ஒதுக்கீட்டைக் கடைப்பிடிக்க 2017 டிசம்பரில் மற்றொரு தீர்ப்பு தேவைப்பட்டது.

இவற்றால் பலன் அடைந்தோர் உண்டு. சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபின், முற்றிலும் பார்வையற்ற முதல் அதிகாரியாக 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். தில்லியின் ஐரா சிங்கல் அதே ஆண்டில் வெளியான குடிமைப் பணித் தேர்வு முடிவில் நாட்டிலேயே முதலிடம் பெற்றார்.

எனினும், இந்த வெற்றிகள் ஒரு வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன. சொல்வதை எழுதும் உதவியாளரும் கூடுதல் நேரமும் கிடைத்தால் தேர்வைக் கடக்கக் கூடியவர்களுக்கு ஏணி இருக்கிறது. அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பலருக்கு ஏணியின் முதல் படியே இல்லை. அரசு வேலை ஒதுக்கீட்டின் 4 சதவீதத்தில் ஒரு சதவீதம் 2016-இல் முதன்முறையாக இவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. ஆனால், மத்திய அரசில் கடைநிலைப் பணிக்கும் பொதுவாகப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி தேவை. மாற்றுப் பாடத்திட்டத்தில் பத்தாண்டுகள் படித்து, சமைக்கவும் கணக்குப் பார்க்கவும் பேருந்தில் தனியே செல்லவும் கற்றுக்கொண்ட இளைஞனிடம் அந்தச் சான்றிதழ் இருப்பதில்லை. ஒரு கையால் கொடுத்ததை மறு கை எடுத்துக்கொள்கிறது.

விளைவு புள்ளிவிவரங்களில் தெரிகிறது. தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2018 ஜூலை முதல் டிசம்பர் வரை நடத்திய 76-வது சுற்று ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத் திறனாளிகளில் உயர்நிலைக் கல்வியோ அதற்கு மேலோ பெற்றவர்கள் 19.3 சதவீதம்தான். வேலையில் இருந்தோரும் வேலை தேடியோரும் சேர்ந்து 23.8 சதவீதம். நான்கில் மூவருக்கு மேல் வேலை தேடுவோர் பட்டியலிலேயே இல்லை.

அவர்களுக்கு மிஞ்சுவது உதவித்தொகை. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள, 80 சதவீதத்துக்கு மேல் ஊனமுற்றவர்களுக்கு 18 வயது முதல் மத்திய அரசு வழங்கும் ஓய்வூதியம் மாதம் 300 ரூபாய். மாநில அரசுகள் தம் பங்கைச் சேர்த்து வழங்குகின்றன. தேசிய அறக்கட்டளையின் பகல் நேரப் பராமரிப்பு மையங்கள், கூட்டு இல்லங்கள் ஆகியவற்றுக்கான திட்டங்கள் தொண்டு நிறுவனங்களின் தோளில் நடப்பவை. கட்கட்டூமாவில் மாற்றுத் திறனாளிக் குழந்தைகளையும் பிற குழந்தைகளையும் சம எண்ணிக்கையில் சேர்த்துப் படிக்க வைக்கும் அமர் ஜோதி, வசந்த் குஞ்சில் வளர்ந்தோருக்குத் தொழிற்பயிற்சி தரும் முஸ்கான் போன்ற நிறுவனங்கள் தலைநகரில் வழி காட்டியுள்ளன. 2011 கணக்கெடுப்பின்படி 2.34 லட்சம் மாற்றுத் திறனாளிகள் வாழும் நகரத்துக்குத் தொண்டு நிறுவனங்கள் மட்டுமே போதுமானவை அல்ல.

தமிழகத்தின் கவலை

தமிழகத்தில் பள்ளி மாற்றுத் திறனாளி மாணவர்களுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள் பலர் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் தொகுப்பூதியத்தில் பணிபுரிகின்றனர். புதிய கல்விக் கொள்கை தொடர்பான மோதலில் இத்திட்டத்துக்காக 2024-25-இல் தமிழகத்துக்குரிய ரூ.2,152 கோடியை மத்திய அரசு விடுவிக்கவில்லை. 2025 மே மாதத்தில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தை நாடியது.

மும்மொழியா, இருமொழியா என்ற வாதத்தில் இரு தரப்புக்கும் நியாயங்கள் இருக்கலாம். ஆனால், உள்ளடங்கிய கல்விக்கான பணமும் அதே உறைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை இரு தரப்பும் உரக்கப் பேசவில்லை. ஓராண்டு தாமதம் அரசுக்கு நிதியாண்டுக் கணக்கு. 17 வயது மாணவனுக்கு அது எஞ்சியிருக்கும் ஒரே ஆண்டு.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் 2004-இல் திருத்தப்பட்ட ஊனமுற்றோர் கல்விச் சட்டம், மாணவனுக்கு 16 வயதாகும்போதே பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான திட்டத்தை எழுத்தில் தயாரிக்கப் பள்ளியைக் கட்டாயப்படுத்துகிறது. மேற்படிப்பு, வேலை, தேவையானால் தனித்து வாழும் பயிற்சி ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். பள்ளி வழியான சேவை 21 வயது வரை நீளலாம். இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கல்வி, மருத்துவம், பராமரிப்பு மூன்றையும் இணைத்த ஒரே திட்டம் 25 வயது வரை தொடர முடியும். அங்கும் நிதிப் பற்றாக்குறையும் பெற்றோரின் வழக்குகளும் உண்டு. ஆனால், யார் மீது வழக்குப் போடுவது என்பதாவது அங்குள்ள பெற்றோருக்குத் தெரியும்.

மாற்றுத் திறனாளிகள் உரிமை குறித்த ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்றது. கல்வியும் வேலையும் அதில் தனித்தனிப் பிரிவுகள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பள்ளிக் கல்விக்கு ஒரு பிரிவு, தொழிற்பயிற்சிக்கு ஒரு பிரிவு உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் பாலத்தைக் கட்டாயமாக்கும் பிரிவு இல்லை.

பெரும் செலவின்றிச் செய்யக் கூடியவை சில உள்ளன. எட்டாம் வகுப்பிலேயே ஒவ்வொரு மாற்றுத் திறனாளி மாணவனுக்கும் எதிர்காலத் திட்டம் எழுதப்பட வேண்டும். மாவட்ட அளவில் ஓர் அலுவலர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். இலவசக் கல்விக்கு வயது வரம்புக்குப் பதிலாகப் படிப்பு முடியும் வரை என்ற வரம்பு வேண்டும். ஒதுக்கப்பட்ட கடைநிலைப் பணிகளுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஈடாகச் செய்முறைத் திறன் மதிப்பீட்டை ஏற்க வேண்டும். காப்பாளர் நியமனமும் சான்றிதழ் புதுப்பிப்பும் 18 வயதுக்கு முன்பே பள்ளி வழியாகத் தொடங்க வேண்டும்.

அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 9-வது இனம், ஊனமுற்றோருக்கும் வேலை செய்ய இயலாதோருக்கும் நிவாரணம் என்று இருவரையும் ஒரே வரியில் சேர்த்துச் சொல்கிறது. அது எழுதப்பட்ட காலத்தின் பார்வை அது. பிறகு வந்த சட்டங்கள் நிவாரணம் என்ற சொல்லை உரிமை என்று மாற்றின. ஆனால், 18 வயது நிறைந்த மறுநாள் பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு புறப்பட இடமின்றி வீட்டில் இருக்கும் இளைஞனுக்கு அந்தப் பழைய வரியே இன்னும் நடைமுறையில் இருக்கிறது.